சம்பந்தம் பேசுபவர் மறைக்கலாமா?

வண்டியூரில் நாம் இமாமத் செய்யும் பள்ளியில், சென்ற ரமளானில் ஓரிரவு தராவீஹ் முடிந்தபின் ஒரு வாலிபர் நம்மிடம் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், தரகர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புகிறார். நாலு பேர் போய் டீயும் மிக்சரும் சாப்பிட்டு வருகிறார்கள். எத்தனை பவுன் என்று பேசி முடித்து விடுகிறார்கள். இதில் முஹப்பத் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. பெருநாள் கழிந்ததும் அவருக்கே பெண் பார்ப்பதாக இருந்தது.

நிகாஹ் மஜ்லிஸ்களில் நாம் தவறாமல் ஓதும் அர்-ரூம் அத்தியாயத்தின் 21ஆம் வசனத்தை அவருக்கு நினைவூட்டினோம். கணவன் மனைவிக்கிடையே நேசத்தையும் இரக்கத்தையும் ஏற்படுத்தியவன் தானே என்று அல்லாஹுத் தஆலா அதில் கூறுகிறான். தரகரால் நேசத்தை உண்டாக்க முடியாது என்று அந்த வாலிபர் எண்ணியது சரியே. ஆனால் தாமே தேடிக் கொள்கிறவராலும் அது முடியாது. அவர் ஆசையைத் தேடிக் கொள்ளலாம். அது நேசமாகப் பழுப்பது வேறு கையில் இருக்கிறது.

இதற்கு ஹழ்ரத் பரீரா (ரலி) அவர்களின் சம்பவத்தை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதும், அடிமையாயிருந்த கணவர் முகீஸுடன் வாழ்வதா பிரிவதா என்ற உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிந்தார். முகீஸோ தாடி நனைய அழுதுகொண்டு மதீனத்துத் தெருக்களில் அவர் பின்னால் சுற்றினார். மனமிரங்கிய பெருமானார் (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பிச் செல்லலாமே என்று பரீராவிடம் கூறினார்கள். இது கட்டளையா என்று அப்பெண்மணி கேட்டார். இல்லை, பரிந்துதான் பேசுகிறேன் என்றார்கள் நாயகம். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று விடை வந்தது. புகாரியில் உள்ள செய்தி இது. சிருஷ்டிகளில் மேலானவர் நடுவில் நின்று பேசியும் சேராத சம்பந்தம்! பெருமானாரும் அவரைக் கோபித்துக் கொள்ளவில்லை. நம் வீடுகளில் ஒரு மாமா பேசிய சம்பந்தத்தைப் பெண் வேண்டாமென்று விட்டால், அந்த மாமா எத்தனை வருஷம் முகம் கொடுக்காமல் இருப்பார் என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

அப்படியானால் நடுவில் நிற்பவருக்கு என்னதான் வேலை? நேசம் வரும் வழியில் கல்லைப் போடாமல் இருப்பதே அவர் வேலை என்பது நம் கருத்து.

ஒரு கல், பார்க்க விடாமல் செய்வது. பெண் பேசியிருந்த முகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்களிடம், போய்ப் பார்த்து வாரும், உங்களிடையே இணக்கம் நிலைக்க அதுவே ஏற்றது என்ற கருத்தில் நபிகளார் சொல்லி அனுப்பினார்கள். இன்றும் சில வீடுகளில் தாயும் அக்காவும் மட்டும் போய், "மூக்கும் முழியுமாக இருக்கிறாள்" என்று சொல்வதோடு மாப்பிள்ளையின் பார்வை முடிந்து விடுகிறது. பெண்ணும் மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஃபுகஹாக்கள் எழுதியிருப்பதையோ யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இன்னொரு கல், காலம் கடந்து சம்மதம் கேட்பது. வெளியே தேக்சாவில் பிரியாணி தம்மில் இருக்க, வக்கீலும் இரு சாட்சிகளும் உள்ளே போய்த் தஃப்தரை நீட்டுகிறார்கள். அந்நேரத்தில் எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம் என்ற ஹதீஸை உடனே எடுத்துக் காட்டுகிறோம். அது வெட்கத்தால் வரும் மௌனத்துக்குச் சொன்னது. வாய் அடைபட்ட மௌனத்தை அதன் கீழ்க் கொண்டு வருவது நமக்குச் சரியாகப் படவில்லை. கேட்க வேண்டிய நாள் நிச்சயத்துக்கு முந்திய நாள். கைக்கூலி பற்றி இங்கே எழுதவில்லை. எழுதிப் பேனா தேய்ந்ததுதான் மிச்சம்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கல் ஒன்று உண்டு. அதை நாமே ஒரு முறை போட்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் வேறு மஹல்லாப் பெரியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவர் மகளுக்கு நம் ஜமாஅத்துப் பையன் ஒருவனைப் பேசியிருந்தார்கள். "பையன் எப்படி ஹஜ்ரத்?" என்றார். "தொழுகையாளி, வியாபாரம் நன்றாக நடக்கிறது, நல்ல குடும்பம்" என்றோம். மூன்றும் உண்மை. அந்தப் பையன் கோபம் வந்தால் கைநீட்டுபவன் என்பதையும், ஓரிரவு பெற்ற தாயையே அடித்து, அண்டை வீட்டார் நம்மை எழுப்பிக் கொண்டு போனதையும் நாம் சொல்லவில்லை. புறம் பேசுவது ஹராமாயிற்றே என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக் கொண்டோம். நிகாஹ் ஆனால் திருந்தி விடுவான் என்றும் நினைத்தோம். அந்த நிகாஹில் குத்பா ஓதியதும் நாமே. எட்டு மாதத்தில் அந்தப் பெண் கையில் கட்டுடன் தகப்பன் வீடு திரும்பினாள். பெரியவர் நம்மைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தை சொல்லப்பட வேண்டியது என்பதை நாம் மத்ரஸாவிலேயே ஓதியிருந்தோம். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள், முஆவியாவும் அபூ ஜஹ்மும் தம்மைப் பெண் கேட்பதாக நாயகத்திடம் சொன்னபோது, அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கம்பை இறக்காதவர், முஆவியா பொருளில்லாதவர், உஸாமாவை மணந்து கொள் என்ற கருத்தில் அவர்கள் கூறினார்கள். இருவருமே ஸஹாபாக்கள். இருந்தும் மறைக்கவில்லை. கம்பு என்றது பயணத்தைக் குறிக்கும் என்றும் சிலர் விளக்கம் எழுதுவர். ஆனால் முஸ்லிமின் மற்றோர் அறிவிப்பு, பெண்களை அடிப்பவர் என்றே தெளிவாகச் சொல்கிறது. ஃபாத்திமா அவர்களுக்கு உஸாமாவை முதலில் பிடிக்கவில்லை. பின் மணந்து, பிறர் தம்மைப் பார்த்துப் பொறாமைப்படும்படி அல்லாஹ் அதில் நன்மை வைத்தான் என்று அவர்களே கூறுகிறார்கள்.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், புறம் பேச்சு அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை வகுத்து, திருமண விஷயமாக ஆலோசனை கேட்பவருக்கு உள்ளதைச் சொல்வதை அவற்றில் சேர்த்துள்ளார்கள். இதைச் சாக்காக வைத்து ஒரு வீட்டின் பழைய கதையையெல்லாம் அவிழ்க்க வேண்டியதில்லை. "இந்த இடம் உங்களுக்கு ஒத்து வராது" என்ற ஒரு சொல் போதுமானால் அதோடு நிறுத்திக் கொள்ள வேண்டும் என்றும் உலமாக்கள் எழுதுகிறார்கள். சொல்லாமலே இருப்பதற்குத்தான் இடமில்லை. கீழமாசி வீதியில் பருப்பு மூட்டை வாங்கும்போது உள்ளே கைவிட்டுப் பார்க்கிறோம். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை வெளிக்காட்டியவர்கள் நம் நாயகம். ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதும் மூட்டைப் பருப்பை விட மலிவா?

போன மாதம் வேறொரு தகப்பனார் வந்தார். கேட்டது அதே கேள்வி, வேறொரு பையன். அவனுக்குக் கடன் உண்டு, அதை வீட்டாருக்கும் மறைக்கிறான் என்பது நமக்குத் தெரியும். ஹவ்ளுப் பக்கம் அவரைத் தனியே அழைத்துப் போய், "பாய், கொடுக்கல் வாங்கலை நன்றாக விசாரித்துக் கொண்டு பேசுங்கள்" என்றோம். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அந்தச் சம்பந்தம் நின்று விட்டது. பையனின் அத்தா இப்போது நாம் சொல்லும் ஸலாமுக்குப் பதிலை முணுமுணுப்பாகத்தான் சொல்கிறார். முதல் ஸஃப்பில் நம் பின்னால் நிற்பவர், இப்போது தூண் ஓரமாக நிற்கிறார்.