இளம் பிணியாளரும் நம் தானமும்



விநய பிடகத்து மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டிருக்கிறது. வயிற்றுக் கடுப்பால் வருந்திய பிக்கு ஒருவர் எழுந்திருக்கவும் வலியின்றித் தம் மலசலத்திலேயே கிடந்தார். ஆனந்தருடன் உறைவிடங்களைச் சுற்றி வந்த பகவான் அவரைக் கண்டு, பேணுவார் யாருமில்லையா என்று வினவினார். ஒருவருமில்லை என்றார் அவர். காரணம் கேட்டபோது, தாம் மற்றப் பிக்குகளுக்கு எப்பயனும் செய்யாதவராதலால் அவர்கள் தம்மைப் பாராமல் விட்டனர் என்றார். பகவான் நீர் வார்த்தார், ஆனந்தர் கழுவினார், ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பற்றித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டி, தமக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் பிணியாளருக்குத் தொண்டு செய்வாராக என்று அருளினார்.

இது நாம் வைசாகப் பூர்ணிமைதோறும் கேட்டு உருகும் கதை. ஆனால் அதனை அடுத்து வரும் பகுதியை நம் மேடைகளில் எடுத்துரைப்பார் அரியர். பேணுதற்கு அரிய நோயாளி யார் என்று பகவான் அங்கே ஐந்து இலக்கணம் வகுக்கிறார். தனக்கு நன்மையானதைச் செய்யான், நன்மையானதிலும் அளவு அறியான், மருந்து உட்கொள்ளான், தன் நலம் நாடிப் பேணுவாரிடமும் நோயின் நிலையை உள்ளபடி உரையான், துன்பத்தைப் பொறுக்கவும் மாட்டான்.

இவ்வைந்தையும் படிக்கும்பொழுது நம் கண்முன் வந்து நிற்பவர் வயது முதிர்ந்த பிக்கு அல்லர். தாராவியிலோ, மாட்டுங்கா லேபர் கேம்பிலோ, செம்பூர்க் குடிசைப் பகுதியிலோ வாழும் பதினாறு வயதுப் பையனே வந்து நிற்கிறான். பள்ளியை விட்டுவிட்டான், ஒயிட்னரைக் கைக்குட்டையில் ஊற்றி முகர்கிறான், கண்டித்தால் வீட்டுப் பாத்திரங்களை வீசி எறிகிறான். அல்லது ஒரு பெண்: மூன்று நாளாய் எவரோடும் பேசவில்லை, முன்கையில் பிளேடால் கீறிய வடுக்கள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினர்க்கு மனநலக் குறை இருப்பதாகக் கண்டனர். நூறு பிள்ளைகள் இருக்கும் சந்தில் ஏழு பிள்ளைகள் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். அந்த ஏழு வீடுகளும் கதவைச் சாத்திக்கொண்டு, காற்றுக் கருப்பு என்றோ, சேர்க்கை சரியில்லை என்றோ அக்கம்பக்கத்தாருக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தகைய பையன் ஒருவனின் தாயார், மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் வேலை செய்பவர், நம்மிடம் வந்து உதவி வேண்டினார். ஒரே மாலையில் பதினோராயிரம் ரூபாய் திரட்டினோம். கூட்டத்தில் அவரை மேடையேற்றி உறையைக் கையில் கொடுத்தோம், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். அப்பணம் மூன்று மாதத்தில் தீர்ந்தது. நான்காம் மாதம் அவர் வரவில்லை. நாமும் போய்க் கேட்கவில்லை. மேடையில் நின்றவர் மறுபடியும் கைநீட்ட எவ்வளவு கூசியிருப்பார் என்பது நமக்குத் தோன்றவேயில்லை. பையன் மருந்தை விட்டான். நோய் முன்னிலும் கடுமையாய்த் திரும்பியது. நாம் கொடுத்தது தானந்தான், ஐயமில்லை. ஆனால் அது நம் மாலைப்பொழுதின் அளவுக்கு அளந்த தானமேயன்றி, அவன் நோயின் அளவுக்கு அளந்ததன்று.

நோயின் அளவோ நீண்டது. மனச்சோர்வு நோய்க்கு, குணம் கண்ட பின்னரும் ஆறு மாதமேனும் மருத்துவம் தொடர வேண்டும் என்பர் மருத்துவர். சித்தம் கலங்கும் நோய் முதன்முறை வந்தவர்க்கு ஓராண்டு, இரண்டாண்டு. போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவன் வழுக்கி விழுவதும் எழுவதும் வழக்கமே. அரசு, நகராட்சி மருத்துவமனைகளில் மருத்துவரைக் காண்பதற்குப் பெருஞ்செலவில்லை. ஆகவே பணம் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். பணம் பையனின் மருந்துக்கு மட்டுமன்று, தாயின் நாட்கூலிக்கும் வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரை மருத்துவமனையில் சேர்த்தால் அவருடைய பிரதிநிதியோ, அப்பிரதிநிதி நியமித்த ஒருவரோ அங்கேயிருக்கும் காலம் முழுவதும் உடனிருக்க வேண்டும் என விதிக்கிறது. நல்ல விதி, பிள்ளை தனித்து அஞ்சலாகாது. ஆனால் உடனிருப்பவர் பெரும்பாலும் தாயே. ஒரு மாதம் உடனிருந்தால் மூன்று வீட்டு வேலையும் போகும். அவ்வீட்டில் சிறியவர்களுக்குச் சோறு யார் போடுவது? மருத்துவம் பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த அடுப்படியிலேதான்.

நெடுங்காலத்துக்குக் கொடுத்தோர் இந்நகரிலேயே இருந்திருக்கின்றனர். தாராவியை அடுத்த மாஹிமில் உள்ள டேவிட் சசூன் தொழிற்பள்ளி, குற்றத்தில் வீழ்ந்த சிறுவரைச் சீர்திருத்தும் பொருட்டு 1857இல் தொடங்கப்பெற்றது. பாக்தாதிலிருந்து வந்த யூத வணிகர் அவர். அவருடைய செல்வத்தில் அபினி வாணிகத்தின் பங்கும் உண்டு. நல்வாழ்க்கைத் தொழிலைப் போதிக்கும் நாம் அதனை மறைத்துப் பேசலாகாது. ஆயினும் அவர் கால்கோளிட்ட அப்பள்ளி நூற்றறுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. 1932இல் மறைந்த சர் தோராப்ஜி டாட்டா தம் உடைமையை அறக்கட்டளையாக்கிச் சென்றார். அதன் பொருளுதவியால் 1936இல் சமூகப்பணிப் பள்ளி ஒன்று எழுந்தது. 1937இல் அப்பள்ளி, மனக்குழப்பமுற்ற சிறுவர்க்கென இந்தியாவின் முதற் குழந்தை வழிகாட்டு நிலையத்தைத் திறந்தது. செம்பூரை அடுத்த தேவனாரில் இன்றுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அப்பள்ளியேயாகும். கொடையாளர் மறைந்த பின்னும் அவர் வைத்த முதல் வேலை செய்துகொண்டேயிருந்தது. நம்மிடம் அத்தகைய செல்வமில்லை என்பது மெய்யே. ஆனால் அக்கொடைகளை நிலைக்கச் செய்தது பெருந்தொகை மட்டுமன்று. அடுத்த மாதமும் வரும் என்ற உறுதியுமாகும். அவ்வுறுதியை ஏழைகளும் தரலாம்.

தராவிடில் என்ன நேரும் என்பதையும் தமிழர் கண்டிருக்கிறோம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைச் சங்கிலியால் பிணித்து வைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றி 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுபோய் விட்ட குடும்பத்தார் கொடியவர் அல்லர். ஆண்டுக்கணக்கில் பேண வழியற்றுப் போனவர்கள். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது. எனினும் கையில் பணமும் துணையும் இல்லாத வீட்டில், பூட்டிய அறையும் ஒரு சங்கிலியே.

காவிரிப்பூம்பட்டினத்தில் மணிமேகலை அமுதசுரபியோடு சிறைக்கோட்டம் புகுந்து, அங்கிருந்தோர் பசியைத் தீர்த்தாள். சோழ மன்னன் மகிழ்ந்து வேண்டுவது யாது என்று கேட்டபோது, தனக்கென ஒன்றும் கேளாமல், அச்சிறையை அறக்கோட்டமாக்கித் தருமாறு வேண்டினாள். ஒரு வேளைச் சோற்றோடு அவள் திரும்பிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். நாளை அவள் அங்கு இல்லாதபோதும் அவர்களுக்கு அங்கே அறம் நடக்க வேண்டுமென்று கருதினாள். நம் முன்னோர் பௌத்தத்தைத் தமிழில் வைத்துச் சென்ற காப்பியம் அது. அதனைப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நமக்கு அதிகம்.

ஆகவே நாம் இப்பொழுது செய்யத் தொடங்கியிருப்பதை இங்கே கூறுகிறோம். வீடொன்றுக்கு மாதம் ஐம்பது ரூபாய் என நூறு வீடுகள் இசைந்தால் மாதம் ஐயாயிரம், ஆண்டுக்கு அறுபதாயிரம். தாய் மாதம் நான்கு நாள் வேலையை விட்டு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், நாட்கூலி நானூறு எனக் கொண்டு ஆயிரத்து அறுநூறு. இரண்டு பிள்ளைகளை ஈராண்டுக்கு விடாமல் தாங்கலாம். ஒருவனை உள்ளே சேர்க்க நேரிடும் மாதத்திற்கும் மிச்சம் இருக்கும். மூன்றாவது பிள்ளைக்குப் பணம் சேராதவரை மூன்றாவது பிள்ளையை ஏற்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். இது கல்நெஞ்சம் என்று கூட்டத்தில் ஒரு உபாசிகை கடிந்துகொண்டார். அவர் சொன்னது நமக்கும் உறுத்துகிறது. ஆனால் மூவரையும் ஏற்று மூவரையும் நான்காம் மாதத்தில் கைவிடுவதை முன்பே செய்து பார்த்துவிட்டோம்.

பெறுவோர் பெயர் எக்கூட்டத்திலும் சொல்லப்படாது. மேடையும் புகைப்படமும் இல்லை. தொகையை இரு உபாசிகைகள் வீட்டிற்கே கொண்டு செல்வர். பேணுவோர்க்குரிய இலக்கணங்களாகப் பகவான் கூறியவற்றுள், அருவருப்பின்றியிருத்தலும், ஊதியங் கருதாது அன்பினால் பேணுதலும், வேளையறிந்து நல்லுரையால் மனத்தைத் தேற்றுதலும் அடங்கும். எனவே பணம் கொடுத்தவுடன் திரும்பாமல் சற்று நேரம் அமர்ந்து, பையன் பேசினாலும் பேசாவிட்டாலும் தேநீர் அருந்திவிட்டு வருமாறு அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். முதலில் நாம் சென்றது அந்தத் தாயார் வீட்டிற்கே. அவர் கதவைத் திறக்கச் சிறிது நேரமாயிற்று. வரும் பூர்ணிமையன்று வந்தனைக்குப் பின் பெயர்ப் பதிவு நடைபெறும். ஈராண்டுக்கு இயலும் என்று துணிந்தவர்கள் மட்டும் பெயர் தருக; ஐம்பது இயலாதவர் பத்து எழுதலாம்.