பிரியாணி தேக்சாவுக்கு முன்னால் நிமிர்ந்து நில்லுங்கள்!

"வீட்டுச் சாப்பாடுன்னா அளந்து சாப்பிட்டுடுவேன். அடுத்தவங்க ஆக்கிப் போட்டதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" சர்க்கரை நோய் வந்தவர்களும் எடையைக் குறைக்கப் போராடுகிறவர்களும் நாள்தோறும் சொல்லும் சமாதானம் இது. இதைச் சொல்லிக்கொண்டே சிலர் கணக்கில்லாமல் வெட்டுகிறார்கள். சிலர் சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள். இரண்டுமே தோல்விதான்! தெரியாது என்று யார் சொன்னது? கேட்டால் தெரியும். பார்த்தால் தெரியும். வகுத்தால் தெரியும்.

திண்டுக்கல் பேகம்பூருக்கு வாருங்கள். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருக்கும் பெரிய பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் கல்யாணம் என்றால் பிரியாணிதான். அதை ஆக்கும் பண்டாரியைப் போன்ற கணக்குக்காரரை எங்கே தேடுவது? எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று சொன்னால் போதும். அரிசி, கறி, எண்ணெய், நெய், தயிர், வெங்காயம் என்று சாமான் சீட்டைக் கடகடவென்று எழுதிக் கொடுத்துவிடுவார். நீங்கள் தேடும் விடை முழுவதும் அந்தச் சீட்டில் இருக்கிறது!

போட்டுப் பார்ப்போம். அரிசி ஒரு கிலோ என்றால் சுமார் 3,500 கலோரி. சீரகச் சம்பா வயிற்றுக்கு இலேசு, அதனால் கலோரியும் குறைவு என்று நம்பாதீர்கள். எந்த அரிசியானாலும் கிலோவுக்குக் கிட்டத்தட்ட இதே அளவுதான். கிலோவுக்குக் கிலோ கறி. எலும்பு போக அதில் ஏறக்குறைய 1,200. எண்ணெயும் நெய்யுமாக 200 கிராம் ஊற்றியதாக அவர் சொன்னால் 1,800. வெங்காயம், தக்காளி, தயிர் எல்லாம் சேர்த்து ஒரு 300. ஆக 6,800. பத்துப் பேர் சாப்பிட்டால் தலைக்கு 680. தாராளமாக வைத்து எட்டுப் பேரோடு முடிந்தால் 850. அவ்வளவுதான் கணக்கு! ஐந்தாம் வகுப்பில் படித்த கூட்டலும் வகுத்தலும் இதற்குப் போதும்.

இந்த அறிவு எங்கோ வெளிநாட்டு மருத்துவமனையில் பூட்டிக் கிடக்கும் ரகசியமும் இல்லை. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9 என்ற வாய்பாட்டை அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்ற ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். ஓர் அறைக்குள் ஆளையே நாள்கணக்கில் தங்கவைத்து, உடலிலிருந்து வெளிப்படும் வெப்பத்தை அளந்தவர் அவர். நம் நாட்டு உணவுகளுக்கான அட்டவணை எங்கே உருவானது தெரியுமா? நம் நீலகிரியில், குன்னூரில்! மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918இல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்துதான், 1937இல் அந்த அட்டவணையோடு அய்க்ராய்ட் என்ற ஆய்வாளரின் கையேடு வெளிவந்தது. அந்தக் கூடமே 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம் மலையில் பிறந்த கணக்கைப் பார்த்து நாமே மிரளுவதா?

கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை இரண்டே இரண்டு: தண்ணீரும் எண்ணெயும். தண்ணீர் சேர்ந்தால் உணவு பெருகும், கலோரி பெருகாது. எண்ணெய் சேர்ந்தால் கலோரி பெருகும், உணவு பெருகியதாகவே தெரியாது. நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி. ஒரு கிண்ணத்தை நிரப்ப அரிசி ஒரு கைப்பிடிகூட வேண்டாம். தொட்டுக்கொள்ள எடுக்கும் இரண்டு வடை அந்தக் கிண்ணத்தின் கலோரியையே எட்டிப் பிடித்துவிடும். பரோட்டாக் கடையிலும் அப்படித்தான். நம் ஊரில் கல் கடையின் வாசலிலேயே இருக்கிறது. மாஸ்டர் மாவை வீசும்போது எவ்வளவு எண்ணெய் தடவுகிறார், கல்லில் போட்டபின் எத்தனை முறை சுற்றி ஊற்றுகிறார் என்று நின்று பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 120 கலோரி. யாரும் எதையும் ஒளிக்கவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்படித் தெரியும்?

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகம் மெனுவில் கலோரியைக் காட்டவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டுவிட்டது. நல்லது. ஆனால் கல்யாணப் பந்திக்கும் பக்கத்து வீட்டுப் பெருநாள் விருந்துக்கும் எந்தச் சட்டம் வரப்போகிறது? அங்கே நீங்கள்தான் உங்களுக்கு ஆணையம்!

"துல்லியமா வராதே" என்று தயங்காதீர்கள். நூறு இருநூறு முன்பின் இருக்கட்டும். 700 என்று கணித்தது 850 ஆக இருந்தால் குடி முழுகிவிடாது. கணிக்கவே மறுத்து, மேலே அரைத் தட்டு, தால்சா, பிரெட் அல்வா என்று 1,400ஐத் தாண்டியதுகூடத் தெரியாமல் எழுந்தால்தான் ஆபத்து. 2023இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். உங்கள் பந்தி வரிசையிலேயே ஒருவராவது இருப்பார். அவருக்கு வேண்டியது கருணைப் பார்வையா? இந்தக் கணக்குதான்!

இன்னொன்று. கணக்குத் தெரிந்தவர் சோற்றுக்குப் பயப்படவே கூடாது. ஒவ்வொரு பருக்கையையும் எண்ணி நடுங்குவது அடிமைத்தனம். 680 என்று தெரிந்தபின் கறியை எடுத்து ரசித்துச் சாப்பிடுங்கள். ராத்திரிக்கு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கங்க மாமா" என்று மருமகன் வந்து நின்றால், முகம் மலர்ந்து, "போதும் மாப்ள, மனசு நெறஞ்சிருச்சு" என்று தட்டின் மேல் கையை வையுங்கள். அந்தக் கை உறுதியாக இருக்கட்டும். அன்பை மறுத்ததாக ஒருவரும் நினைக்கமாட்டார்கள்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்யாணத்துக்குப் போங்கள். பந்தியில் உட்காருமுன் அடுப்படிப் பக்கம் ஒரு நடை நடந்து, "பாய், எத்தனை கிலோ போட்டீங்க? கிலோவுக்கு எண்ணெய் எவ்வளவு? எத்தனை பேருக்கு வரும்?" என்று கேளுங்கள். தன் கைப்பக்குவத்தை விசாரிக்கிறவரிடம் முகம் சுளிக்கும் பண்டாரி கிடையாது. வகுத்துப் பாருங்கள், சாப்பிடுங்கள், கணித்த எண்ணைக் குறித்துவையுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்து, வரும் அளவை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். மருந்து அளவை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வையுங்கள்.