தலையெழுத்து என்பது யாருக்குச் சமாதானம்?

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இடைநிலைப்பள்ளியைப் பாதியில் விடும் பிள்ளையை ‘அவன் தலையெழுத்து’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் அந்த எழுத்தில் மனிதக் கை தெரிகிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. நிர்வாகங்கள் தந்ததோ தொடக்கக் கல்வி மட்டுமே. இன்றும் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பிறகு மலாய்மொழி வகுப்பு, தொலைவு, பஸ் செலவு எல்லாம் ஒன்றாக வந்து அழுத்துகின்றன. இத்தகைய நிலை மாறக்கூடியது என்பதற்குப் போர்த்துகல் சான்று. அங்கே 2000களின் தொடக்கத்தில் இளைஞரில் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இடைநிலைக் கல்வியை முடிக்காமலே விலகினர். 2009இல் கட்டாயக் கல்வி 18 வயதுவரை நீண்டது. 2020இல் அந்த விகிதம் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஒரு நாட்டுப் பிள்ளைகளின் பூர்வ வினை இருபது ஆண்டில் கரைந்துவிடுமா?

வினைக்கொள்கையை மறுப்பது சமயத்தையே மறுப்பதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒரே தோட்ட லயத்தில் வளர்ந்து பட்டம் பெற்றவர்களும் உண்டே என்பார்கள்; அவர்களின் உழைப்பு போற்றத்தக்கது, ஆனால் தடை இல்லை என்பதற்கு அது சான்றாகாது. வினை என்பது நம் கடமையை நமக்கு உணர்த்தும் கொள்கை. பிறர் பிள்ளையின் துன்பத்துக்குக் காரணம் சொல்ல அதை எடுத்தாள்வதே நாம் இன்று சேர்க்கும் தீவினை. திருவிழாவுக்குத் திரளும் பணத்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் பஸ் கட்டணத்துக்கும் மாலை வகுப்புக்கும் போகட்டும், அதுவும் வழிபாடுதான்.