கேளாமையும் நாணமும்

நெடுந்தீவில் என் பெரியப்பா ஒருவர் இருந்தார். இளமையிற் சங்கு குளித்தவர். பின்னர் நெடுங்காலம் இயந்திரப் படகிலே தொழில் செய்தவர். அவருக்குக் காது மந்தமாகி வருகிறது என்பதை அவரைத் தவிர ஊரிலுள்ள எல்லோரும் அறிந்திருந்தனர். அவரோ பழியை எங்கள்மேற் போட்டார். "இந்தக் காலத்துப் பெடியள் வாய்க்குள்ளை கதைக்கிறாங்கள். வாயைத் திறந்து கதைச்சால் என்ன?" என்பார். வானொலிப் பெட்டி பழுது என்பார். காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது என்பார். இவ்வாறு பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் வீட்டுத்திட்டம் ஒன்றுக்குப் பெயர் பதிந்தார்கள். மேசைக்கு அப்பாலிருந்த உத்தியோகத்தர் தாளிலிருந்து முகத்தை நிமிர்த்தாமலே வினாக்களைத் தொடுத்தார். "வேறு இடத்தில வீடு இருக்கோ?" பெரியப்பா தலையை ஆட்டி "ஓம்" என்றார். பட்டியல் வெளியானபோது அவர் பெயர் அதில் இல்லை. அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்கு அவர் கடல் கடந்து நடந்த நடைகளை எண்ணிச் சொல்ல என்னால் இயலாது.

அந்த 'ஓம்' பொய்யா? பலநாள் என் மனத்தில் உறுத்திய வினா இது. வீடு இருப்பதாக நம்பவைக்கும் எண்ணம் அவருக்கு இம்மியும் இல்லை. கேள்வியே அவர் காதில் விழவில்லை. ஆயின், கேள்வி விழுந்தது என்று நம்பவைக்க அவர் முயன்றார் அன்றோ? தம் உடைமையைப் பற்றி அவர் பொய் சொல்லவில்லை. தம்மைப் பற்றிச் சொன்னார். நடுக்கடலிற் சோளகக் காற்றுக்கு அஞ்சாத மனிதர், "கேக்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ" என்ற சிறு வாக்கியத்துக்கு ஏன் அஞ்சினார்?

உடலியல் தரும் விடையை முதலிற் பார்ப்போம். செவியின் உட்பகுதியில் நத்தை ஓடு போன்ற உறுப்பொன்று உண்டு. அதிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்களே ஒலியதிர்வை நரம்புக்கு உணர்த்துகின்றன. முதுமையாலும் பேரிரைச்சலாலும் அவை அழிகின்றன. மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் அழிபவை உயர் சுருதி ஒலிகளை ஏற்பவை. உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்சுருதியில் நிற்பது. க, ச, ட, த, ப முதலிய வல்லின ஓசைகளை வேறுபடுத்திக் காட்டுவது உயர் சுருதி. ஆதலால் உயிர் நிற்க மெய் நழுவுகிறது. 'பல்' எது, 'கல்' எது என்று தெரிவதில்லை. சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை. சத்தம் கேட்கும் ஒருவர் தமக்குக் காது கேட்கவில்லை என்று எங்ஙனம் எண்ணுவார்? எதிரில் நிற்பவர் தெளிவாகப் பேசவில்லை என்றே எண்ணுவார். பெரியப்பாவின் குற்றச்சாட்டு அவரளவில் நேர்மையானதே. கேளாத ஒன்றைக் கேளவில்லை என்று அறிவதற்கு, அதைக் கேட்ட இன்னொருவர் வேண்டும்.

இவ்விளக்கம் தொடக்க ஆண்டுகளுக்குப் போதும். பத்தாண்டுகளுக்குப் போதாது.

வறுமையும் தூரமும் காரணம் என்போர் உண்டு. அதில் உண்மை நிறைய உண்டு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரக் கடற்பயணம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து. போதனா வைத்தியசாலையில் வரிசை. கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு எங்கே என்ற கவலை. கூலித் தொழிலாளிக்கு ஒரு பரிசோதனை என்பது ஒருநாள் உழைப்பு. கருவியின் விலையோ பல மாத உழைப்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி 150 கோடிக்கு மேற்பட்டோர்க்கு ஏதோ ஓரளவு கேள்விக்குறை உண்டு. செவிக்கருவியாற் பயன்பெறக் கூடியவர்களுள் அதை அணிவோர் 17 விழுக்காட்டினரே. இந்த இடைவெளியின் பெரும்பகுதி ஏழை நாடுகளிலே கிடக்கிறது.

எனினும், பிரித்தானியாவில் 1948இல் தேசிய சுகாதார சேவை தோன்றிய நாள்தொட்டுச் செவிக்கருவி இலவசம். அங்கும் மக்கள் ஆண்டுக்கணக்கிற் பிந்தியே வருகிறார்கள். அமெரிக்காவின் தென் கரோலைனாவில் நடத்தப்பெற்று 2019இல் வெளியான ஆய்வொன்று, கருவி தேவை என்ற நிலையை ஒருவர் அடைந்ததற்கும் அதை அணிந்ததற்கும் இடையே சராசரி ஏறத்தாழ 9 ஆண்டுகள் கழிவதைக் கண்டது. பணம் மட்டுமே தடையாயின் இதற்கு விளக்கமில்லை. இடையில் நிற்பது நாணம்.

இந்த நாணம் எங்கிருந்து வந்தது? கண்ணுக்குக் கண்ணாடி அணிந்தவனைப் படித்தவன் என்கிறோம். காதிற் கருவி அணிந்தவனைக் கண்டால் குரலை மட்டுமா உயர்த்துகிறோம், குழந்தைக்குச் சொல்வதுபோற் சொல்லையும் எளிதாக்குகிறோம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியில் செவிடன் என்பவன் காது கேளாதவன் அல்லன், அறிவு ஏறாதவன். நல்லோர் சொல் நுழையாத காது செவிடே என்னும் கருத்தில் வள்ளுவரும் கேளாமையை அறியாமைக்கு உவமையாக்கினார். கேள்வியே கல்வியாக இருந்த காலத்தில் அது இயல்பு. ஆனால் உவமையின் சுமையைத் தூக்குபவன் உண்மையிலேயே காது கேளாதவன். தமிழ் படித்த எங்களுக்கு இதில் பங்கு இல்லை என்று கைகழுவ முடியாது. இசையையே உயிராகக் கொண்ட பீத்தோவனே, 1802இல் எழுதி யாருக்கும் அனுப்பாது வைத்திருந்த கடிதத்தில், உரத்துப் பேசுங்கள் என்று பிறரிடம் கேட்கத் தம்மால் முடியவில்லை என்று வருந்துகிறார்.

ஆயினும் நாணம் எல்லோர்க்கும் ஒரே அளவினதன்று. முதலாளிக்குக் காது மந்தமானால் சுற்றியிருப்போர் குரலை உயர்த்துகிறார்கள்; கூலியாளுக்கு மந்தமானால் அவன் மந்தன் ஆகிறான். "திருப்பிச் சொல்" என்பது ஓர் உரிமை. மேசைக்கு அப்பாலிருப்பவனுக்கு அது உண்டு, இப்பால் நிற்பவனுக்கு இல்லை. பெரியப்பா வீட்டிலே உரத்துச் சண்டை பிடித்தவர், கந்தோரிலேதான் தலையாட்டினார். வீட்டுப் பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கிழவிக்குக் காது மந்தமானால் வீடு அவளிடம் பேசுவதையே விட்டுவிடுகிறது. அடுப்படியில் அவள் வேலை நடக்கிறவரை யாருக்கும் அது குறையாகத் தோன்றுவதுமில்லை.

தீவகத்துக்கே உரிய காரணம் இன்னொன்று உண்டு. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகிற் கொல்லப்பட்டவர்களின் உறவினர் வாழும் தீவு அது. 1990இல் தீவகத்து ஊர்கள் வெறுமையாயின. குண்டொன்று அருகில் வெடிக்கும் ஓசை மயிர்க்கலங்களை ஒரு கணத்திலே அழிக்கவல்லது. ஆனால் காலை இழந்தவன் பக்கத்திலிருக்க, மகனை இழந்தவள் எதிரிலிருக்க, யார் எழுந்து தன் காதைக் காட்டுவான்? துன்பங்களை வரிசைப்படுத்திப் பழகிவிட்ட சமூகம் எங்களுடையது. இரத்தம் சிந்தாத காயம் அவ்வரிசையில் இடம் பெறவில்லை. அதைப் பொறுத்தவர்களைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பொறுமைக்கும் விலை உண்டு. நடுவயதிலே கவனியாது விடப்படும் கேள்விக்குறை முதுமை மறதி நோய்க்குரிய தவிர்க்கத்தக்க காரணிகளுள் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2017இலும், பின்னர் 2020, 2024 அறிக்கைகளிலும் கூறியிருக்கிறது.

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதிய நான் ஒன்றை மறைத்தல் தகாது. தீவகத்துப் பாடசாலை ஒன்றில் நான் கற்பித்தபோது, சொல்வதெழுதலில் ஓயாது பிழைவிடும் சிறுவன் ஒருவன் பின் வாங்கில் இருந்தான். "உனக்குக் காது கேளாதோ?" என்று அவனிடம் எத்தனையோ முறை கேட்டேன். ஒருமுறையும் அது கேள்வியாக இல்லை, ஏச்சாகவே இருந்தது. அவன் எழுந்து தலைகுனிந்து நிற்பான், வகுப்புச் சிரிக்கும். குழந்தைப் பருவந்தொட்டு அவன் காதிற் சீழ் வடிந்ததைத் தாய் வந்து சொன்னபோது ஆண்டு முடியப்போகிறது. "ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கேட்டேன். "சொன்னால் செவிடன் எண்டு பட்டம் வைப்பினம் சேர்" என்றாள். பட்டம் வைத்தவன் முன்னாலேயே நின்று அவள் அதைச் சொன்னாள்.

பெரியப்பாவை இறுதியில் அசைத்தவை மருத்துவமும் அல்ல, என் வாதங்களும் அல்ல. டொரன்டோவிலிருந்து பேத்தி தொலைபேசியில் அழைப்பாள். முகம் பார்த்து ஒருவாறு சமாளிப்பவருக்குத் தொலைபேசி பெரும் பகை. இரண்டு சொற்களோடு கருவியைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிடுவார். நாளடைவிற் பேத்தி அப்புவைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதன்பின் ஒரு காலை என்னிடம், "உந்த ஆஸ்பத்திரிக்கு எப்ப போகலாம்?" என்றார்.

செவிக்கருவியோடு திரும்பிய நாளில் நானும் உடன் சென்றேன். படகின் இயந்திரம் இரையத் தொடங்கியதும் அதைக் கழற்றிக் கைக்குட்டையிற் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். துறையில் இறங்கி மீண்டும் மாட்டினார். மீன் விற்ற பெடியன் ஏதோ விலை சொன்னான். பெரியப்பா காதைத் தொட்டுக் காட்டி, "கேக்கேல்லைத் தம்பி, திருப்பிச் சொல்லு" என்றார். அவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.