கேட்பவருக்கும் தேய்மானம் உண்டு

பல் டாக்டருக்குப் பல்வலி வந்தால் யாரும் சிரிப்பதில்லை. மனநல டாக்டர் ‘எனக்கே மனசு சரியில்லை’ என்றால் மட்டும், ‘இவரே இப்படின்னா நம்மளை எங்கே குணப்படுத்துறது?’ என்று கிளம்பிவிடுகிறோம்.

அதனால் அவர்கள் சொல்வதே இல்லை. முக்கியமாக, எம்.டி. சைக்கியாட்ரி படிக்கும் இளம் டாக்டர்கள். மூன்று வருஷப் படிப்பு. பகலில் ஓ.பி., வார்டு, ராத்திரி டூட்டி, நடுவில் தீசிஸ். களைப்பு என்று வாயைத் திறந்தால், ‘இந்தப் படிப்புக்கு நீ லாயக்கா?’ என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு.

‘சும்மா உட்கார்ந்து கேட்கிற வேலைதானே’ என்று தோன்றலாம். அது எப்பேர்ப்பட்ட வேலை என்று குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26-ல் குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஊருக்குள் வந்தது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று ஊர் ஊராக, ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. ‘எம் மவன் வருவானா டாக்டரே?’ என்று ஒரு தாய் கேட்டால் எந்த மாத்திரையை எழுதுவது? எதிரே உட்கார்ந்து அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்வதுதான் வைத்தியம். அந்தத் தாய் எழுந்து போனதும் அடுத்த நோயாளி வந்து உட்காருவார்.

நியூயார்க்கில் ஓர் இலவச க்ளினிக். நல்ல மனசோடு சேவைக்கு வந்தவர்களே கொஞ்ச நாளில் வெறுத்துப்போவதை அங்கே பார்த்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியல் நிபுணர், 1974-ல் அதைப் பற்றி எழுதினார். ‘பர்ன் அவுட்’ என்ற வார்த்தை பிரபலமானது அப்படித்தான். இதை வியாதிக் கணக்கில் சேர்க்காமல், வேலையிடத்து அழுத்தத்தின் விளைவு என்று 2019-ல் விளக்கியது உலக சுகாதார நிறுவனம். அப்படியென்றால் சிகிச்சை டூட்டி சார்ட்டுக்குத்தானே முதலில் தேவை?

பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்றது மத்திய அரசின் 1992-ம் வருஷ ரெசிடென்சி திட்டம். 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு, 74 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள் என்று சிபாரிசு செய்தது. 32 வருஷத்தில் காகிதத்திலேயே 26 மணி நேரம் கூடிவிட்டது!

நான் பி.காம். படித்தவன். மெஷின் வாங்கினால் முதல் வருஷக் கணக்கிலேயே தேய்மானம் எழுதுவோம். மெஷினைச் சோம்பேறி என்று யாரும் திட்டுவதில்லை. அடுத்தவர் துக்கத்தைக் கேட்டுக் கேட்டுத் தேய்கிற மனுஷனுக்கு மட்டும் அந்தப் பத்தியே கிடையாது.

‘அதுக்காக, விடியக்காலை பஸ் ஏறி வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பறதா?’ நியாயமான கேள்வி. ஆனால், ராத்திரி முழுக்கத் தூங்காத ஒரு பயிற்சி டாக்டரிடம் அதைக் கேட்கக் கூடாது. போதுமான டாக்டர்களைப் போடாதவர்களிடம் கேட்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது சீனியர் ஒருவர் உட்கார்ந்து, ‘உனக்கு எப்படி இருக்கு?’ என்று விசாரிப்பதும் அந்தப் பயிற்சியில் சேர்த்திதான். அதற்கு வருகிற பதில் மதிப்பெண்ணைத் தொடக் கூடாது.

தியாகம் உசத்திதான். மனமுவந்து கொடுத்தால்! அட்டவணை போட்டுப் பிடுங்கினால் அதற்குப் பெயர் வேறு.