தளர்நடை இரண்டு முறை வரும்!

உலகுக்கே தாயான மீனாட்சியைக் குழந்தையாக்கிக் கொஞ்சியவர் குமரகுருபரர். 17-ம் நூற்றாண்டில் அவர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் 10 பருவங்கள் கொண்டது.

அந்தப் பருவங்களைச் சற்று உற்றுப் பாருங்கள், சகோதரிகளே! பிள்ளையின் உடல் வளர்ச்சியே அங்கே படிப்படியாகத் தெரியும். 5-ம் மாதம் செங்கீரை: கைகளை ஊன்றி, தலை நிமிர்த்தி அசைந்தாடுகிறது குழந்தை. கழுத்து நின்றுவிட்டது! 9-ம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து கை தட்டுகிறது. முதுகு உறுதியாகிவிட்டது! ஒரு வயதையொட்டி வருகை: 'வா, வா' என்று தாய் கை நீட்ட, தளர்நடை போட்டு வருகிறது. தலையில் தொடங்கிக் கால்வரை, மேலிருந்து கீழாகத்தான் உடல் வசப்படும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

அன்னப்பிராசனமும் அப்படித்தான். 6-ம் மாதம் சந்நிதியில் முதல் சோறு ஊட்டுகிறோம். 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும், பிறகே மற்ற உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

'பக்கத்து வீட்டுக் குழந்தை நடந்துவிட்டதே, நம் பிள்ளை இன்னும் தவழ்கிறானே' என்று சிலர் மனம் புழுங்குவார்கள். 9 மாதத்தில் நடக்கும் குழந்தையும் உண்டு. ஒன்றரை வயதில் நடக்கும் குழந்தையும் உண்டு. இரண்டும் இயல்புதான். அதற்கு மேலும் தாமதமானால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ஒப்பிட்டு வருந்தாதீர்கள்.

சரி, பிள்ளையிடம் காட்டும் இந்தப் பொறுமை வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிறதா?

ஏறிய உடல் இறங்கித்தானே ஆக வேண்டும்! 30 வயதுவாக்கில் எலும்பு தன் முழு பலத்தை எட்டுகிறது. மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு அது வேகமாகத் தேய்கிறது. முதுகெலும்பின் இடைத்தட்டுகள் ஒடுங்கி, உயரமே குறைகிறது. உங்கள் மாமியார் மெதுவாக நடப்பது பிடிவாதத்தால் அல்ல, அம்மா!

இந்த இறக்கத்தையும் நம் முன்னோர் கொண்டாடினார்கள். 60-ல் சஷ்டியப்தபூர்த்தி, 70-ல் பீமரத சாந்தி, 80-ல் சதாபிஷேகம். மார்க்கண்டேயனைக் காக்க எமனை உதைத்த ஈசன் அருளும் திருக்கடையூரில் கலச நீர் அபிஷேகம் செய்து, காலில் விழுந்து வணங்குகிறோம். வீடு திரும்பியதும், 'குளிக்க இவ்வளவு நேரமா?' என்று குரல் உயர்ந்தால், அந்தப் பூஜையின் பலன் எங்கே தங்கும்?

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மூன்று சுற்று முடியாவிட்டால் ஒரு சுற்று போதும். அவர் நடைக்கேற்ப உங்கள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் முதல் அடி வைத்த நாளில், விழாமல் பிடிக்கக் கை நீட்டியவர் அவர்தானே? இன்று அந்தக் கையைப் பற்றிக்கொள்வது உங்கள் முறை. மீனாட்சி அதையும் ஓர் அர்ச்சனையாக ஏற்றுக்கொள்வாள்!