ஒரு பல் கூட, ஒரு பல் குறைய

மோட்டார் சைக்கிளில் கியரை நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்கிறோம். சிக்னலில் ஒன்று, மேட்டில் இரண்டு, காலி ரோட்டில் ஐந்து. இந்த ஐந்துக்கும் அடியில், ஓட்டுகிறவன் கால் எட்டாத இடத்தில், இன்னொரு கணக்கு ஓடுகிறது. இன்ஜின் பக்கம் சின்னதாக ஒரு ஸ்ப்ராக்கெட், பின் சக்கரத்தில் பெரியதாக ஒன்று, நடுவில் செயின். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் இருந்தால், சின்னது மூன்று சுற்று சுற்றும்போது பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். கியர் என்பது அந்த நேரத்துக்கு எடுக்கிற முடிவு. ஸ்ப்ராக்கெட்டை வண்டியின் சுபாவம் என்று சொல்லலாம். அதில் கை வைத்தால் ஐந்து கியரும் சேர்ந்தே மாறும்.

முன்னால் ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கிப் பாருங்கள். சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடும். முன்பு 84 கிலோமீட்டர் வேகத்தில் இருந்த அதே இன்ஜின் சுழற்சியில் இப்போது 78தான் போகும். மாறாக 15 போட்டால் அதே சுழற்சியில் 90. ஆக, ஒரு பல்லுக்கு ஆறு கிலோமீட்டர். பின்னால் இதே பலன் வேண்டுமானால் மூன்று பல் கூட்ட வேண்டும், 42 போய் 45 வர வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபார்க்க நினைப்பவர்கள் பின்னால் மாற்றுவார்கள். செலவைப் பார்ப்பவர்கள் முன்னால். ரொம்பச் சின்ன முன் ஸ்ப்ராக்கெட்டில் செயின் அதிகம் மடங்கி ஓடும், சீக்கிரம் தேயும். எதைச் செய்தாலும் இன்ஜினின் சக்தி ஒரு துளிகூடக் கூடுவதில்லை. வேகத்தில் விட்டது இழுவையில் வரும், அவ்வளவுதான்.

எனக்குப் பொள்ளாச்சி. தேயிலை எஸ்டேட்டுகளுக்கு மிஷின் உதிரிபாகம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஆழியாறு தாண்டினால் வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள், பின் சீட்டில் இரும்புச் சாமான். மெக்கானிக்கிடம் போனபோது, "பிக்கப் வேணுங்களா, டாப் வேணுங்களா?" என்றார். இரண்டும்தான் என்றேன். "ரெண்டும் வேணும்னா இன்ஜினைத்தானுங்க மாத்தோணும்" என்று சிரித்துவிட்டு, அவர் கேட்ட அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது: "வாரத்துல எத்தன நாளுங்க மேல போறீங்க?"

நம் ஊரில் புது வண்டி வாங்கினால் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி. மைலேஜ் எவ்வளவு? டாப் எவ்வளவு போகும்? மூன்றாவது கியரில் எந்த மேடு வரைக்கும் ஏறும் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றாடம் ஓட்டுகிற ரோட்டைவிட, ஓட்ட ஆசைப்படுகிற ரோட்டுக்கே வண்டியைத் தயார் செய்கிறோம். வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காக ஏழு சீட் கார் வாங்கி, மற்ற நாளெல்லாம் ஒற்றை ஆளாக அதை ஆபீசுக்கு ஓட்டுகிறவரும் இந்த வகைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டாப் கூடட்டும் என்று சின்ன வண்டியில் முன்னால் பல்லைக் கூட்டுகிற பையன்களுக்குப் பல சமயம் டாப் குறைந்துவிடுகிறது. வேகம் ஏற ஏறக் காற்றின் எதிர்ப்பு பல மடங்கு ஏறும். இன்ஜின் தன் முழு சக்தியைக் கொடுக்கிற சுழற்சியை ஐந்தாவது கியரில் எட்ட முடியாமல் திணறும். அப்புறம் நான்காவதில்தான் வேகம் அதிகம் போகிறது என்று கண்டுபிடிப்பார்கள். ஸ்பீடாமீட்டர் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து கணக்கெடுக்கிற வண்டியாக இருந்தால் இன்னும் குழப்பம். பல்லைக் கூட்டினால் குறைத்துக் காட்டும். குறைத்தால், போகாத தூரத்தையும் போனதாக எழுதி வைக்கும்.

அதற்காக அன்றாட ரோடே எல்லாவற்றையும் தீர்மானிக்கட்டும் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அப்படியே வாழ்கிற வண்டி ஒன்று நம்மிடம் உண்டு. ஓசூரிலிருந்து 1980-இல் வந்த டிவிஎஸ் 50. அதன் வம்சத்தில் வந்த எக்ஸ்எல் 100-க்கும் இன்றுவரை ஒரே கியர்தான். தேங்காய் மூட்டை, பால் கேன், வாழைத்தார் எதை ஏற்றினாலும் போகும். அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா உடுமலை ரோட்டில் போய்விட்டு வரலாம் என்று தோன்றும்போது, அதை எடுக்கத் தோன்றாது.

பந்தயக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர், இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7. இடம் மாறினால் பின் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி வேறு போட்டுவிடுவார்கள். நாளைக்கு எந்த ரோடு என்று அவர்களுக்கு இன்றே தெரியும். கம்பெனிக்காரனுக்கோ எதுவும் தெரியாது. மலைக்காரன், பட்டணத்துக்காரன், பைபாஸ்காரன் எல்லோரையும் கலந்து, எங்கேயும் இல்லாத ஒரு ஆளைக் கற்பனை செய்து, அவனுக்கென்று ஒரு எண்ணைப் பொருத்தி அனுப்புகிறான். அந்த ஆள் நான் இல்லை என்று முடிவுசெய்துதான் 13 போட்டேன். வளைவுகளில் முதல் கியருக்கு இறங்குவது பெருமளவு நின்றது.

இப்போது மகன் கோவையில் கல்லூரிக்குப் போகிறான். சனி, ஞாயிறு வண்டி அவன் கையில். நான்கு வழிச்சாலையில் 80-ஐத் தொட்டாலே இன்ஜின் கத்துகிறதாம். "15 போட்டா என்னப்பா?" என்கிறான். முடியாது என்றேன். இருவரையும் நிற்க வைத்துக் கேட்டுவிட்டு மெக்கானிக் சொன்னது: "பேசாம 14 போட்டுருங்க." அந்தக் கம்பெனிக்காரன் கற்பனை செய்த ஆள் என் வீட்டிலேயே, இரண்டு பேராகப் பிரிந்து இருந்திருக்கிறான். மகனுக்கும் 14-இல் திருப்தியில்லை, எனக்கும் இல்லை. தேய்ந்த செயினில் புது ஸ்ப்ராக்கெட் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும், மாற்றுவதானால் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். அதனால் இந்தச் செயின் தேயும்வரை 13தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவன் வாராவாரம் குனிந்து செயினின் தொய்வைப் பார்க்கிறான்.